நாரைக் கம்பம்

சித்தன்பட்டி, விளாத்திகுளம் வழி
1 செப்டம்பர் 2024

தம்பி பாலகணேஷ்,

உன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். போனில் நீ கத்துகிறாய், நான் பாதியில் வைத்துவிடுகிறேன். தபாலில் வந்தால் நீ குறுக்கே பாய முடியாது. கடைசி வரி வரை வாசித்துத்தான் தீரவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு நீ குஜராத் கட்ச்சிலிருந்து ஊர்ப்பக்கம் வரவேயில்லை. உன் நினைப்பில் நம் கண்மாய் பழைய கண்மாயாகவே இருக்கும். போன மார்கழி மழையில் கரை உடைந்து, உள்ளே நின்ற கருவேல மரங்களையெல்லாம் தண்ணீர் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நாரைகள் கூடு கட்டுகிற மரங்கள் அவைதானே. தை மாதம் வழக்கம்போல வந்தன. மஞ்சள் மூக்கை நீட்டிக்கொண்டு கண்மாய்க்கு மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்தன. கால் வைக்க இடம் தெரியாமல் தெற்கே போய்விட்டன.

'நாரை ஊர்க்காரங்க ஏறுங்க' என்று விளாத்திகுளத்தில் பஸ் கண்டக்டர் கூப்பிடுவாரே, அதைக் கேட்கவே கூச்சமாகிவிட்டது. வெடி ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள்கூட தீபாவளிக்கு ஒரு பொட்டு வெடி வெடிக்காத ஊர் நம் ஊர். யாருக்காக அப்படி இருந்தோமோ அவர்களே தங்கவில்லை.

மிச்சம் இருப்பது கரைமேல் வரிசையாக நிற்கிற புளியமரங்கள். நாரை அதில் இதுவரை இறங்கியதில்லை. உன் அத்தான் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: “ஒரு நாரை நிக்க எடத்துலதான் இன்னொரு நாரை எறங்கும். மொத நாரைய நாமளே வச்சிட்டா என்ன?” காய்ந்த சுரைக்குடுக்கையை எடுத்து உடம்பாக வைத்தார். மூங்கிலை இழைத்து மூக்குச் செய்தார். வெள்ளையும் கறுப்பும் அடித்து, வால் பக்கம் ரோஸ் நிறம் தீட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் நாரையேதான்.

அதை உச்சியில் கட்டப்போனபோதுதான் கிளை முறிந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. கோவில்பட்டியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது கட்டிலில் இருக்கிறார். நன்றாகப் பேசுகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். இதற்குள் நீ போன் பண்ணி, “கொக்குப் பொம்மைக்காக ஒரு மனுசனச் சாவக் குடுக்கப் பாத்தியே” என்று என்னைக் கேட்டாய். பக்கத்தில் படுத்திருந்த அவர் காதிலும் அது விழுந்தது. அதனால்தான் வைத்தேன்.

இன்னொரு விஷயம். பொதுப்பணித் துறைக்காரர்கள் கண்மாய்க் கரையை உயர்த்தப் போகிறார்கள். புளியமரத்து வேர் கரையை இளக்குகிறதாம். எல்லா மரத்திலும் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டார்கள். பாசன விவசாயிகளுக்குத் தலைவராக இருக்கிற பூவனநாதன் அண்ணாச்சியும் வெட்டச் சொல்லித்தான் நிற்கிறார். வருகிற தையில் நாரை இறங்கிக் கூடு கட்டினால் வெட்ட யாருக்கும் மனம் வராது, மரம் தப்பும். இறங்காவிட்டால் மரமும் போகும், நாரையும் நிரந்தரமாகப் போகும்.

ஆகவே நான் இதை விடப்போவதில்லை. ஆனால் இனி யாரும் மரம் ஏறமாட்டார்கள். தரையில் நின்றே பொம்மையை உச்சிக்கு ஏற்றுகிற மாதிரி கம்பம் செய்யப் போகிறேன். உதவி கேட்டு இதை எழுதவில்லை. உனக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா,
ராதாமணி


பூஜ் அருகே, கட்ச்
16 செப்டம்பர் 2024

அக்கா,

கடைசி வரி வரை வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். கோபம் குறையவில்லை.

எனக்கு உயரத்தில் வேலை. காற்றாலைக் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறும்போது இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, கொக்கிக்குக் கயிறு. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்னொருவன் பார்த்துச் சொன்ன பிறகுதான் முதல் படியில் கால் வைப்போம். அத்தான் என்ன கட்டிக்கொண்டு ஏறினார்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியிருப்பார். நீ கீழே நின்று “இன்னும் கொஞ்சம் மேல” என்று சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

எனக்கு மரம் ஏறச் சொல்லிக்கொடுத்தது அத்தான்தான். அதே கரையில், அதே புளியில். அந்த மனிதர் கட்டிலில் கிடக்கிறார், நீ அடுத்த பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறாய். இதைக் கேட்டு நான் என்ன, சபாஷ் என்றா சொல்வேன்?

நாரை வராவிட்டால் வராமல் போகட்டும். ஊர் இருக்கும். நீங்கள் இருப்பீர்கள்.

கம்பம் செய்வேன் என்கிறாய். அந்தப் புளியமரங்களின் உயரம் உனக்குத் தெரியுமா? உச்சிவரை போகிற கம்பம் என்றால் அதன் கனத்தை அதுவே தாங்காது. பாதியில் வளையும், வளைந்தால் முறியும், முறிந்தால் கீழே நிற்கிறவர் தலையில் விழும். நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில் வந்தபோது, பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாயிடம் நீ என்னைப் பற்றி என்ன சொன்னாய்? “எந்தம்பி காத்தாடிக்கு எண்ணெய் விடுதான்.” இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கு என் அக்காவிடம் நான் வாங்கின பேர் அது. அப்புறம் என் யோசனை உனக்கு எதற்கு?

அத்தானை உட்கார வைக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கட்டும். தனியாகச் செய்யாதே.

பாலகணேஷ்


சித்தன்பட்டி
20 அக்டோபர் 2024

தம்பி,

காத்தாடி என்று சொன்னதை நீ இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு சொர்ணத்தாய் தன் மகன் பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் தம்பி வானத்தில் நின்று வேலை பார்க்கிறான் என்று அதற்கு முன்னால் நான் சொன்னதை நீ கேட்டிருக்கமாட்டாய். அடுப்படியில் சொன்னேன். நீ வாசலில் நின்றாய்.

சரி, கம்பத்தின் கதைக்கு வருகிறேன்.

முதலில் மூங்கில். இரண்டு மூங்கிலைக் கயிற்றால் இறுக்கிச் சேர்த்து, உச்சியில் பொம்மையைச் செருகித் தூக்கினோம். நான், சொர்ணத்தாய், தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துதான். நீ எழுதினபடியே வளைந்தது. நாரை குனிந்து வந்து என் முதுகில் கொத்தியது. பெண்கள் சிரித்துச் சிரித்து வேனைத் தவறவிட்டார்கள்.

பிறகு இரும்புக் குழாய். படுக்கப்போட்டுத் தூக்கி நிமிர்த்தவே முடியவில்லை. அதையும் விட்டேன்.

கோவில்பட்டிக்கு மருந்து வாங்கப் போன அன்று, பழைய மில் சாமான் எடுத்து விற்கிற இடத்தில் அலுமினியக் குழாய் கிடந்தது. ஒரு கையால் தூக்கினேன். வாங்கிக்கொண்டு நேரே கிட்டு பட்டறைக்குப் போனேன். அவர் உன்னோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர்தானே. “யக்கா, இத எதுக்கு?” என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைகிற மாதிரி முனையைக் கடைந்து, குறுக்கே போல்ட் போட ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

ஆனால் முழுக் கம்பத்தையும் எப்படி நிமிர்த்துவது? அதுதான் புரியவில்லை. அப்போது பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழாயை இறக்கி, அதன் தலையில் அடுத்த குழாயைச் சேர்த்து, மறுபடியும் இறக்குவார்களே. பார்த்துக்கொண்டே நின்றேன். அதைத் தலைகீழாகச் செய்தால்? பொம்மை செருகின முதல் குழாயை மரத்தடியில் நின்று மேலே தள்ளு. அதன் காலடியில் அடுத்த குழாயைச் சேர். மறுபடியும் தள்ளு. கம்பம் கிளைகளுக்கு நடுவே தானாகவே வழி பிடித்து உயரும். வளைய இடமில்லை. கிளையே அதற்குத் துணை. கடைசியில் அடிக் குழாயைத் தூரோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டியதுதான்.

ஓடி வந்து உன் அத்தானிடம் சொன்னேன். அவர் கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். “ஏட்டி, நீ இஞ்சினியர் ஆயிருக்கணும்” என்றார். இதை உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

ஏற்றினோம், தம்பி. உச்சிக்கு மேலே வெள்ளையாக நின்றது. கரையில் போன ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஒரு குறை இருக்கிறது. காற்று அடித்தால் பொம்மை திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டுகிறது, இல்லாவிட்டால் சும்மா ஆடுகிறது. உயிருள்ள நாரை எப்போதும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். முதுகில் காற்று பட்டால் அதன் இறகு கலைந்துவிடும். போன வாரம் கொக்குக் கூட்டம் ஒன்று நம் மரத்துக்கு மேலாகப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொய் என்று தெரிந்திருக்கும்.

உங்கள் காற்றாலை எப்படிக் காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று உன் அத்தான் கேட்கச் சொன்னார்.

ராதாமணி


பூஜ் அருகே
9 நவம்பர் 2024

அக்கா,

அத்தான் கேட்கச் சொன்னாராம். அத்தான் எதையாவது கேட்க நினைத்தால் நேராக எனக்குப் போன் போடுவார். போட்டும் பேசினார், நீ மிளகாய்க் காட்டில் இருக்கும்போது. அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. நீ கேட்டாய் என்று எழுதினால் உன் தலை என்ன கீழே இறங்கிவிடுமா?

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்று போனில் கத்தினேனே, அதற்குப் பிறகு நான் கோபுரத்தில் ஏறவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டு ஏணியடியில் நின்றேன். முதல் படியில் கால் வைக்காமலே பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். அத்தான் விழுகிறது கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தது போலவே இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கீழே ஸ்டோரில் வேலை வாங்கிக்கொண்டேன். இங்கே யாருக்கும் காரணம் தெரியாது. பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? உன்மேல் கோபப்படுவது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

உன் கடிதம் வந்தது. காற்றாலையின் தலையை மோட்டார்தான் திருப்புகிறது. ஆனால் எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வது, அந்தத் தலையின் கூரைமேல் இருக்கிற கையகலக் கருவி. அதற்கு ஒரு வால் உண்டு. காற்று அந்த வாலைப் பின்னால் தள்ளும், மூக்கு தானாகக் காற்றைப் பார்க்கும். இத்தனை வருஷம் அதைத் துடைத்திருக்கிறேன், கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆனால் அச்சு எந்த இடத்தில் நிற்கிறது, வால் எவ்வளவு நீளம் என்று உனக்கு எழுத உட்கார்ந்தால் மனதில் வரவில்லை. ஸ்டோரில் அந்தக் கருவி இல்லை. மேலேதான் இருந்தது.

ஏறினேன், அக்கா. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். துணைக்கு வந்த குஜராத்திக்காரர் கீழேயிருந்து என்னவோ கேட்டார், நான் அடுத்த படியைப் பிடித்தேன். கூரைக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. அந்த வால் என் கண்முன்னே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து கையில் வரைந்துகொண்டேன். படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

சுருக்கம் இதுதான். பொம்மையைக் கம்பத்தில் இறுக்காதே. இரண்டுக்கும் நடுவில் சுழல ஒரு பேரிங் வை. கிட்டுவிடம் மில் பேரிங் நிறையக் கிடக்கும். அச்சு நெஞ்சுப் பக்கம் வரட்டும். அதற்குப் பின்னால் அகலம் அதிகமாக இருக்கவேண்டும். அப்படிச் செய்தால் உன் நாரை காற்றுக்கு முதுகைக் காட்டவே காட்டாது.

இனி சொல்வது கட்டளை. கரையின் கிழக்குக் கோடியில் மின்கம்பி போகிறது. அந்தப் பக்கத்து மரங்களில் கம்பம் வைக்கவே கூடாது. சாய்ந்து விழுந்தால்கூடக் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். அலுமினியம் என்பதை மறக்காதே. மேகம் இருட்டினால் யாரும் கம்பத்தின் பக்கத்தில் நிற்கக்கூடாது. இதில் என்னோடு சண்டை போடாதே.

தள்ளிக்கொண்டே போய்க் கீழே சேர்க்கிற யோசனை எனக்குத் தோன்றியிருக்காது. இதை எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

பாலகணேஷ்


சித்தன்பட்டி
29 டிசம்பர் 2024

தம்பி,

நீ ஏறினதை வாசித்துவிட்டுக் கடிதத்தை உன் அத்தானிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு, “நடக்க ஆரம்பிக்கணும்” என்றார். மறுநாள் முதல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்வருகிறார். டாக்டர் சொல்லியும் மாட்டேன் என்றவர்தான்.

இன்னும் சில பொம்மைகளும் கம்பங்களும் செய்து, எல்லாவற்றிலும் பேரிங் வைத்தோம். நீ வரைந்தபடி அச்சை நெஞ்சுக்குக் கொண்டுபோனேன். பின்னால் அகலம் வேண்டும் என்றாயே, சுரைக்குடுக்கை போதவில்லை. கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கம் நல்ல வெள்ளை. இறக்கை மாதிரி வெட்டி இரண்டு பக்கமும் தைத்தேன். உற்றுப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் மாப்பிள்ளையின் ஒரு கண் தெரியும். நாரைகள் கண்டுகொள்ளாது என்று நம்புகிறேன்.

ஏற்றிவிட்டு எல்லாரும் கரையில் நின்றோம். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. ஒவ்வொன்றாக மெல்லத் திரும்பி, எல்லா நாரையும் கிழக்கே பார்த்து நின்றன. காற்று வடக்கே மாறியது. அவையும் மாறின. சொர்ணத்தாய்தான், “ஏட்டி, உசுரு இருக்குட்டி இதுக்கு” என்றாள்.

மின்கம்பிப் பக்கம் ஒரு கம்பம்கூட வைக்கவில்லை. மழை நாட்களில் யாரையும் கரைக்கு விடவில்லை. உனக்குப் பயந்து இல்லை, நீ சொன்னது சரி என்பதால். மழை நன்றாகப் பெய்து, உடைப்பை அடைத்த கரை தாங்கி, கண்மாய் நிறைந்துவிட்டது. புயல் காற்றில் ஒரே ஒரு கம்பம் வளைந்தது. கம்பத்தின் நடுவிலிருந்து மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டச் சொல்லி நீ அத்தானிடம் போனில் சொன்ன பிறகு அதுவும் இல்லை. ஆமாம், நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

பொம்மைக்கு வந்த முதல் விருந்தாளி காக்கை. தலையில் உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போனது. அதற்கே ஊர் சிரித்தது. 'கொக்குக் கம்பக்காரி' என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் ஊர்க்கூட்டம். பூவனநாதன் அண்ணாச்சி எழுந்தார். நான் அவரைக் கெட்டவராக எழுதமாட்டேன். வெள்ளத்தில் அவருடைய மாடுகள் தொழுவத்தில் கட்டினபடியே போய்விட்டன.

“ராதாமணி, ஒங்க வீட்டுக்காரர் மேல எனக்கு மரியாத உண்டு. ஆனா கரை ஒடஞ்சா ஒங்க நாரையா வந்து மண்ணு சொமக்கும்? எங்காட்டுல இன்னும் மணலுதான் கெடக்கு. மழச் சத்தம் கேட்டாலே எம்பொண்டாட்டி உக்காந்து அழுதா.”

பெண்கள் பக்கமிருந்து நான் எழுந்தேன்.

“அண்ணாச்சி, நீங்க பட்டது எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கரை ஒடஞ்ச எடத்துல புளியமரம் நின்னுதா?”

அவர் உடைப்பு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அங்கன மரமே கெடையாது. அது மொட்டக் கரை. மரம் நின்ன எடத்துல ஒரு கூடை மண்ணுகூடக் கரையல. வேரு கரையப் புடிச்சுக்கிட்டுல்லா நிக்கி? நாரைக்காகக் கேக்கேன்னு நெனைக்காதீங்க. ஒங்க காட்டுக்காகவும்தான் கேக்கேன்.”

கூட்டத்தில் சலசலப்பு. சிலர் எழுந்து உடைப்பு இருந்த இடத்தைக் கையால் காட்டி, ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் மட்டும், “அதெல்லாம் சரி, பொம்மையப் பாத்து எந்தப் பறவ வரும்? ஊரக் கேலிப்பொருளாக்குதீங்க” என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. “வரலேன்னா நானே மொத கோடாலிய எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் ஒரு மரத்தத் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மாசி பொறக்கட்டும். பாப்போம்” என்றார்.

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. தம்பி, வராவிட்டால் என்ன செய்வேன்? இதை நான்தான் கேட்கிறேன், உன் அத்தான் இல்லை.

ராதாமணி


பூஜ் அருகே
12 ஜனவரி 2025

அக்கா,

வராவிட்டால் தலையை நிமிர்த்திக்கொண்டு நட. மாசிக்குள் அவை வராததற்கு நீ பொறுப்பில்லை. கோடாலியை எடுத்துக் கொடுக்கவேண்டி வந்தால், நான் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

அத்தான் அனுப்பிய வீடியோவை எங்கள் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினேன். காற்று மாறும்போது எல்லாப் பொம்மையும் ஒன்றாகத் திரும்புகிறதே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். எங்கள் இஞ்சினியர், “இதைச் செய்தது யார்? எந்தக் கம்பெனி?” என்று இந்தியில் கேட்டார். என் அக்கா என்றேன். மிளகாய் விவசாயம் பார்க்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது தினமும் ஏறுகிறேன். நேற்று கோபுரத்து உச்சியில் நின்றபோது, எனக்குக் கீழே ஒரு நாரைக் கூட்டம் போனது. இத்தனை வருஷத்தில் நாரையின் முதுகை மேலேயிருந்து பார்த்தது நேற்றுத்தான். வால் பக்கத்து ரோஸ் நிறம் அத்தான் தீட்டியதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. வானத்திலிருந்து வருகிறவர்கள் பார்ப்பது பொம்மையின் முதுகைத்தான். அதனால் முதுகில் ரோஸ் பெயிண்டை இன்னொரு பூச்சு அடி.

பாலகணேஷ்


சித்தன்பட்டி
6 ஏப்ரல் 2025

தம்பி,

உனக்கு எல்லாம் போனில் தெரியும் என்று எனக்குத் தெரியும். உன் அத்தான் ஒன்று விடாமல் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் எழுதித்தான் சொல்வேன். இது எழுதி வைக்கவேண்டிய விஷயம்.

உன் கடிதம் வந்த கையோடு எல்லாவற்றையும் இறக்கி, முதுகில் ரோஸ் அடித்து மறுபடி ஏற்றினோம். தை முடியப்போகிற நேரம். காலையில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். நிழல் ஒன்று வரப்பைத் தாண்டிப் போனது. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டம் இல்லை, ஒற்றை நாரை. கண்மாயை ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் கால்களை முன்னே நீட்டி, இறக்கையை அகல விரித்து, புளியமரத்து உச்சியில் நம் பொம்மைக்குப் பக்கத்துக் கிளையில் இறங்கியது. இறங்கி, உடம்பைச் சரிசெய்துகொண்டு, காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. பொம்மையும் அந்தப் பக்கமே பார்த்து நின்றது.

நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. கத்தவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மூக்கைப் படபடவென்று தட்டிப் பொம்மையிடம் என்னவோ கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டது. அப்புறம் எழுந்து தெற்கே போய்விட்டது. சாயங்காலம் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. புளியமரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஊரே கரையடியில் வந்து நின்றது. கைக்குழந்தை அழுதால்கூடத் தாய்மார் தூக்கிக்கொண்டு விலகிப்போனார்கள்.

மாசி பிறந்ததும் மண் அள்ளுகிற இயந்திரம் வந்தது, மரம் அறுக்க ஆட்களோடு. நான் போவதற்குள் பூவனநாதன் அண்ணாச்சி அங்கே நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டி வண்டியை மறித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சின அமத்துங்க! கூடு கட்டுதுல்லா, கண்ணு தெரியல?”

வண்டிக்காரர், “சார், குறி போட்ட மரம்” என்றார்.

“குறி போட்டது மனுசன். ஒடஞ்ச மொட்டக் கரையில போயி மண்ணப் போடுங்க, அங்கனதான் வேல கெடக்கு. இந்தப் பக்கம் குஞ்சு பொரிச்சுப் பறக்க வரைக்கும் ஒரு வண்டி வரக்கூடாது. அதுக்கு அப்புறமும் வரக்கூடாது.”

திரும்பி என்னைப் பார்த்தார். “ராதாமணி, கூட்டத்துல நீ கேட்டது நெசம்தான். நான் அன்னைக்கே போயி நின்னு பாத்தேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று அவர் வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி வந்தது, மண் வேலைக்கு வந்த ஆட்களுக்கும் சேர்த்து.

உன் அத்தான் வாக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கம்பு ஊன்றிக் கரைவரை நடந்தார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றவர்களை விரட்டிவிட்டார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். நின்றபோதெல்லாம் செடியைப் பார்க்கிறதுபோல நடித்தார். கரையடியில் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை. நான் பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஊர் முழுக்கப் பார்க்கத்தான் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து சிலர் வேன் பிடித்து வந்தார்கள். அவர்கள் கண்மாயிலும் வெள்ளத்தில் மரம் போய்விட்டதாம். கம்பத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த குழாய்களைத் தரையில் பரப்பி, எப்படிச் சேர்ப்பது, அச்சு எங்கே நிற்கவேண்டும், பேரிங் எதற்கு என்று எல்லாம் காட்டினேன். “இத யாரு கண்டுபுடிச்சா?” என்று கேட்டார்கள். மூன்று பேர் என்றேன். ஒருவர் மரத்திலிருந்து விழுந்தவர், ஒருவர் கோபுரத்தில் ஏறினவர், ஒருத்தி தரையில் நின்றவள் என்றேன். எனக்கே அது பெருமையாக இருந்தது. ஏன் மறைக்கவேண்டும்?

குஞ்சு பொரித்துவிட்டது, தம்பி. நடுப்பகல் வெயில் ஏறும்போது தாய் நாரை கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு இறக்கையையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கிறது. அசையாமல், வெயில் இறங்கும்வரை அப்படியே நிற்கிறது. கூட்டுக்குள்ளேயிருந்து கரகரவென்று குஞ்சுகள் இரை கேட்கிற சத்தம் நம் வீட்டு வாசல்வரை வருகிறது.

லீவு கேள். அவை பறப்பதற்குள் வந்துவிடு. கரையேறும்போது மட்டும் மெல்லப் பேசு.

அக்கா,
ராதாமணி